மாவுப்பூச்சி, எறும்பு, கத்தரிப் புழு: மாடித்தோட்டக்காரர்களின் அனுபவங்கள்

மதுரை

செம்பருத்தியில் கொழுந்தெல்லாம் சுருண்டு, கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை அப்பியிருக்கிறது. வேப்பெண்ணெய் அடித்தும் அடங்கவில்லை, அடித்த இலைகளின் ஓரம்தான் கருகுகிறது. பக்கத்துத் தொட்டிக் கத்தரியில் நுனி வாடித் தொங்குகிறது. இரண்டும் ஒரே பூச்சியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி

இரண்டும் வேறு வேறு. செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. அதன் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சில் வெறும் தண்ணீர் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். சோப்பு சேர்ப்பது அதற்காகத்தான். இலை கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம், எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மிதப்பது. தெளிப்பானில் முதலில் தண்ணீர் போகும், கடைசியில் வெறும் எண்ணெய் வந்து ஒரே செடியில் கொட்டும்.

கலக்கும் முறை இதுதான். காதி சோப்பைச் சீவி 5 கிராம் எடுத்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரையுங்கள். அதில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பால் மாதிரி வெளுத்து வந்தால் சரி. மேலே எண்ணெய் வட்டம் தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்கிக்கொள்ளலாம். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், வைத்திருந்தால் பிரிந்துவிடும். துணி சோப்புத் தூள் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள காரம் இலையைச் சுட்டுவிடும்.

தெளிப்பதற்கு முன்னால் சுருண்ட நுனிகளை நறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். உரக்குழியில் போட்டால் குஞ்சுகள் ஏறி வந்துவிடும். மீதி இருப்பதைக் குழாய்த் தண்ணீரால் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். தெளிப்பது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான், இலையின் அடிப்பக்கமும் கணு இடுக்கும் நனைய வேண்டும். பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் முட்டைகளை மருந்து தொடாது. அதனால் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்தால்தான் பொரிந்து வரும் குஞ்சுகளும் சிக்கும். "ஒரு தடவை அடித்தேன், போகவில்லை" என்று பலரும் சொல்வது இதனால்தான்.

கோயம்புத்தூர்

மேலே சொன்னதோடு எறும்பையும் கவனியுங்கள் சகோ. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், இரை தேடி வரும் பொறிவண்டை விரட்டும். எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் எத்தனை மருந்து அடித்தாலும் பூச்சி திரும்ப வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொட்டி சுவரைத் தொடக்கூடாது, ஒரு கொடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாலும் அதுவே பாலம். ஸ்டாண்டின் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். வெறும் தண்ணீர் என்றால் கொசு முட்டையிடும். மரச்செடி என்றால் தண்டைச் சுற்றி பேக்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கிரீஸ் தடவலாம். பட்டைமேல் நேராகத் தடவினால் பட்டை வெந்துபோகும். புற்று எங்கே என்று தெரியாவிட்டால், கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடர் 1 கிராமை 100 மி.லி. சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் நனைத்து, எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாதபடி வைக்கவும். பவுடரைக் கூட்டிப் போடாதீர்கள். எறும்பு வழியிலேயே செத்துவிட்டால் புற்றுக்குள் எதுவும் போகாது.

தெளிப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவில் மற்றதைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக, நீளநீளமான மெழுகு இழைகளோடு ஒன்று இருக்கும். குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று ஓடும். அது மாவுப்பூச்சி இல்லை, அதைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. வளர்ந்த வண்டு கருப்பாக, தலையும் பின்நுனியும் ஆரஞ்சாக இருக்கும். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து இதை நசுக்குபவர்கள் ஏராளம். பார்த்தால் அந்தக் கிளையில் தெளிக்காதீர்கள்.

வீட்டில் பப்பாளி இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். 2008-இல் எங்கள் கோவைப் பக்கம்தான் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது. செம்பருத்தி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றிலும் பரவியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. அவற்றில் நன்றாக வேலை செய்தது அசிரோஃபேகஸ் பப்பாயே. வெள்ளைக் கூட்டத்தில் சில பூச்சிகள் பழுப்பாக உப்பி, முதுகில் ஊசித் துளையோடு இருந்தால் குளவி வந்துவிட்டது. அந்த நேரத்தில் கடை மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். எந்த இனம் என்று சந்தேகமா? ஒன்றிரண்டை ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள், பப்பாளி மாவுப்பூச்சி ஓரிரு நாளில் நீலக்கறுப்பாகும்.

சேலம்

கத்தரிக்கு வருகிறேன். நுனி மட்டும் வாடி, மற்ற இலைகள் நன்றாக இருந்தால் தண்டு, காய்த்துளைப்பான். வாடிய நுனியைப் பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்புப் புழு இருக்கும். முட்டை பொரிந்த சில மணி நேரத்திலேயே தண்டுக்குள் போய்விடும், அதன்பின் மேலே அடிக்கும் எதுவும் அதைத் தொடாது.

வாடிய இடத்திலிருந்து ஓர் அங்குலம் கீழே நறுக்கி, சோப்புத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பக்கக் கிளை வந்துவிடும், பயப்பட வேண்டாம். துளை விழுந்த காயைச் செடியிலேயே விட்டுவிட்டால் உள்ளே வளர்ந்த புழு இறங்கி, உதிர்ந்த சருகில் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை அதே செடிக்கு வரும். தொட்டி மண்ணில் சருகு தேங்க விடாதீர்கள். நாற்று நட்ட அன்றே கொசுவலை போர்த்தினால், இந்தப் புழுவின் முட்டையை இடும் அந்துப்பூச்சி நுழையாது. பூ வந்த பிறகும் வலை இருக்கலாம், காலையில் செடியை லேசாகத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

மதுரை

நன்றி. கோவை அண்ணா சொன்ன எறும்பு வரிசை தொட்டி விளிம்பிலேயே போகிறது. இன்னொரு சந்தேகம்: கத்தரி இலையில் புள்ளி வைத்த வண்டும் இருக்கிறது, அதுவும் நல்ல பொறிவண்டுதானா?

சேலம்

முதுகைப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் நல்ல பொறிவண்டு, அசுவினியைத் தின்னும், விட்டுவிடுங்கள். பளபளப்பில்லாமல், மெல்லிய ரோமத்தோடு மங்கலான செம்பழுப்பில் நிறையப் புள்ளிகள் இருந்தால் எபிலாக்னா என்ற இலை தின்னும் வண்டு. இலையின் பச்சையைச் சுரண்டிச் சல்லடை ஆக்கிவிடும். அதன் புழு மஞ்சளாக, முள்முள்ளாக இலையடியில் இருக்கும், மஞ்சள் முட்டைகளும் அங்கேயே குவியலாக நிற்கும். காலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். முட்டை உள்ள இலையைக் கிள்ளி எடுங்கள். பத்துப் பதினைந்து தொட்டிக்கு இதுவே போதும், மருந்து தேவையில்லை.