உதவி: பிஹெச் செட்பாயின்ட் ராத்திரியில தானா மாறுது, அவசரம்

நொய்யல்கரை, இரவு 11.48
வணக்கம்ங்க. நம்ம ஈடிபி-ல (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பிஹெச் செட்பாயின்ட் (கன்ட்ரோல் பிடிச்சு வைக்க வேண்டிய அளவு) 7.2 வச்சிருக்கோம். இந்த வாரம் மூணு தடவை 9.5 ஆயிடுச்சு. யாரும் ஸ்கிரீனைத் தொடல. ஆசிட் பம்ப் ஓடாம நின்னுடுது, சாயத்தண்ணி காரத்தோட அப்படியே ஏரேஷன் டேங்குக்குப் போகுது. பிஎல்சி (பம்புகளை இயக்குற கன்ட்ரோல் கணினி) போச்சா, வைரஸா? சீக்கிரம் சொல்லுங்க.

பேனல்வயர்மேன், 11.55
பிஹெச் மீட்டர்ல இருந்து வர்ற 4–20 மில்லிஆம்ப் சிக்னல் கேபிள்ல நாய்ஸ். ஷீல்டை ரெண்டு பக்கமும் எர்த் பண்ணியிருப்பாங்க. பேனல் பக்கம் மட்டும் வைங்க, விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற கருவி) கேபிள்ல இருந்து தள்ளி இழுங்க.

ஏணிலாஜிக், 12.03
நாய்ஸ் வந்தா குதிக்கிறது ரீடிங். செட்பாயின்ட்ங்கறது டேட்டா பிளாக்ல, அதாவது பிஎல்சி நினைவகத்துல, இருக்கிற ஒரு எண், அதுல எதுவோ எழுதினாத்தான் மாறும்.
பிஎல்சி என்ன மாடல்? ஸ்காடா (ப்ளான்ட்டைக் கம்ப்யூட்டர்ல பார்த்து இயக்குற மென்பொருள்) அதோட எந்த புரோட்டோகால்ல பேசுது? ஒவ்வொரு தடவையும் 9.5 தானா? அந்த நேரம் கரண்ட் போய் வந்துச்சா? அந்த டேக் (செட்பாயின்ட் இருக்கிற இடம்) ரிடென்டிவ் இல்லன்னா, அதாவது கரண்ட் போனா மதிப்பை மறந்துடும்னா, சிபியு ரீஸ்டார்ட் ஆகும்போது ஸ்டார்ட் வேல்யூவுக்குத் திரும்பிடும். அங்க என்ன எண் இருக்குன்னு பாருங்க. டயக்னோஸ்டிக் பஃபர்ல (பிஎல்சி தன் நிகழ்வுகளைப் பதியுற பட்டியல்) ஸ்டாப்–ரன் பதிவு இருக்கான்னும் பாருங்க.

நொய்யல்கரை, 12.20
சீமென்ஸ் எஸ்7-1200. மோட்பஸ் டிசிபி. ஸ்டார்ட் வேல்யூ 7.0. பஃபர்ல ஸ்டாப் எதுவும் இல்ல. எப்பவும் 9.5 தான். 4ஜி ரவுட்டர் ஒண்ணு இருக்கு, பேனல் போட்டவங்க வெளியில இருந்து பார்க்கிறதுக்கு வச்சது. அது முக்கியமா?

கட்டுப்பாட்டறை (மூத்த உறுப்பினர்), 12.26
தம்பி, அதைத்தான் முதல் வரியிலேயே சொல்லியிருக்கணும். அடிப்படை தெரியாம ப்ளான்ட் நடத்தினா இப்படித்தான். மோட்பஸ்ல பாஸ்வேர்டு கிடையாது, பயனர் பெயர் கிடையாது. மோட்பஸ் பேசுற 502 போர்ட்டை எட்டிப் பிடிச்சவன் படிக்கவும் செய்யலாம், எழுதவும் செய்யலாம். 2023 நவம்பர்ல அமெரிக்காவுல அலிக்விப்பா ஊர் குடிநீர் வாரியத்துல நடந்தது நினைவிருக்கட்டும். இன்டர்நெட்டுல திறந்து கிடந்த பிஎல்சியைப் பிடிச்சாங்க. பூஸ்டர் ஸ்டேஷனை மேனுவலுக்கு மாத்த வேண்டியதாச்சு. உங்களுக்கும் அதேதான். ரவுட்டரைத் தூக்கி எறிங்க.

பாக்கெட்பிடி, 12.41
எறியாதீங்க, ரீசெட்டும் பண்ணாதீங்க, லாக் அழிஞ்சுடும். ரவுட்டர்ல இருந்து பேனலுக்குப் போற கேபிளை மட்டும் பிடுங்கிட்டு, பவரை அப்படியே விடுங்க. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியில இருந்து எந்த போர்ட்டை உள்ள விடுறதுங்கற அமைப்பு) பக்கத்தையும் லாக்கையும் நகல் எடுத்து வைங்க. சிம் சாதாரணமா, ஸ்டேட்டிக் பப்ளிக் ஐபி வாங்கினதா? சாதாரண 4ஜி சிம்னா பெரும்பாலும் ஆபரேட்டரோட NAT-க்கு (பல சிம்முக்கு ஒரே பொது ஐபி கொடுக்கிற அமைப்பு) பின்னாடி இருக்கும், ஐபிவி4 வழியா வெளி ஆள் நேரா நுழைய முடியாது.

இன்னொண்ணு, 9.5ங்கற முழுசான எண்ணைக் கவனிங்க. செட்பாயின்ட் ரியல் டைப்பா (தசம எண்) இருந்தா ரெண்டு ரெஜிஸ்டர் (மோட்பஸ்ல ஒரு எண்ணுக்கான இடம்) எடுக்கும். முகவரி தெரியாம ஃபங்க்‌ஷன் 6-ல (ஒத்தை ரெஜிஸ்டர் எழுதுற மோட்பஸ் கட்டளை) எழுதினா மதிப்பு கன்னாபின்னான்னு வரும். மூணு தடவையும் சுத்தமா 9.5 வருதுன்னா, எழுதுறது உங்க ரெஜிஸ்டர் மேப் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு.

ஏணிலாஜிக், 12.52
அதேதான் என் சந்தேகமும். ப்ரோகிராம்ல எம்பி_சர்வர் பிளாக் (மோட்பஸ்ல வர்றவங்களை ஏத்துக்கிற பகுதி) எத்தனை இருக்கு? ஒரு இன்ஸ்டன்ஸ் ஒரு நேரத்துல ஒரே கனெக்‌ஷனைத்தான் ஏத்துக்கும். ஸ்காடா ஒண்ணைப் பிடிச்சிருக்கும்போதே வேற ஒருத்தர் எழுதுறாங்கன்னா ரெண்டாவது இன்ஸ்டன்ஸ் இருக்கணும்.

நொய்யல்கரை, 1.05
ரெண்டு இருக்கு. ரெண்டாவது எதுக்குன்னு தெரியல.

பேனல்வயர்மேன், 1.10
சிபியு-க்கு பாஸ்வேர்டு போட்டா முடிஞ்சுதே.

ஏணிலாஜிக், 1.18
முடியாது. அந்த பாஸ்வேர்டு டிஐஏ போர்ட்டல்ங்கற ப்ரோகிராமிங் மென்பொருள்ல இருந்து வர்றவங்களைத்தான் தடுக்கும். எம்பி_சர்வர் உங்க ப்ரோகிராமே திறந்து வச்ச கதவு, பாஸ்வேர்டு அதைத் தொடாது. கனெக்‌ஷன் அமைப்புல ரிமோட் அட்ரஸ் 0.0.0.0-ன்னு இருந்தா யார் வந்தாலும் ஏத்துக்கும். அங்க ஸ்காடா ஐபி-யை மட்டும் எழுதுங்க. ஐபி-யைப் போலியா வைக்கலாம்தான், ஆனாலும் வழி தவறி வர்றவங்க நிப்பாங்க.

அதோட, மோட்பஸ்ல வர்ற எண்ணை நேரா கன்ட்ரோல் லூப்புக்குக் கொடுக்காதீங்க. தனி டேக்ல வாங்கி, 6.5-க்கும் 8.0-க்கும் இடையில இருந்தா மட்டும் நகர்த்துங்க. பேனல்ல லோக்கல்–ரிமோட் சாவி சுவிட்ச் வச்சு, லோக்கல்ல எந்த எழுத்தையும் ஏத்துக்காத மாதிரி பண்ணுங்க. பிஎல்சியை நம்பாத தனி ஹை-பிஹெச் அலாரம் ஒண்ணு அவசியம்.

பாக்கெட்பிடி, 1.24
யார்னு கண்டுபிடிக்க: மேனேஜ்டு சுவிட்ச்ல பிஎல்சி போர்ட்டை மிரர் பண்ணி (அதுல போற டேட்டாவோட நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பி), லேப்டாப்ல வயர்ஷார்க் (நெட்வொர்க் டேட்டாவைப் படிக்கிற மென்பொருள்) ஓட விடுங்க. போர்ட் 502, ஃபங்க்‌ஷன் கோட் 6, 16 (பல ரெஜிஸ்டர் எழுதுற கட்டளை) மட்டும் வடிகட்டுங்க. டயக்னோஸ்டிக் பஃபர் மோட்பஸ் எழுத்தைப் பதியாது, அதனால இதுதான் நேரான வழி. ஓடுற ப்ளான்ட்ல போர்ட் ஸ்கேன் மட்டும் வேண்டாம், பழைய கருவிகள் சில அதுலயே தொங்கிடும்.

கட்டுப்பாட்டறை, 1.31
இவ்வளவு சுத்த வேண்டியதில்ல. நெட்டை வெட்டினா எல்லாம் தீர்ந்தது. முப்பது வருஷமா ஏர்கேப்தான் (வெளி நெட்டோட சேர்க்காம வைக்கிறது) பதில்.

பாக்கெட்பிடி, 1.39
ஈரான் நத்தான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலையும் இன்டர்நெட்டோட சேராததுதான். ஸ்டக்ஸ்நெட்ங்கற வைரஸ் யூஎஸ்பி வழியா உள்ள போச்சு, வெளியில தெரிஞ்சது 2010-ல. ஏர்கேப்னு நம்புற இடத்துலதான் பென்டிரைவையும் இன்ஜினியரிங் லேப்டாப்பையும் யாரும் சோதிக்கிறதில்ல.

கட்டுப்பாட்டறை, 1.44
அது நாடுகள் செஞ்ச வேலை. ஈடிபி-க்கு அதை இழுக்காதீங்க. இங்க ஆபத்து திறந்த போர்ட்தான்.

பாக்கெட்பிடி, 1.50
திறந்த போர்ட்டை மூடணும், அதுல சண்டையே இல்ல. அதோட நிறுத்தக் கூடாதுன்னுதான் சொல்றேன். வெளி ஆள் எழுதினது உறுதியானா செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) தகவல் சொல்லணும். 2022 ஏப்ரல் உத்தரவுல ஸ்காடா மீதான தாக்குதலும் வருது, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்.

நொய்யல்கரை, ரெண்டு நாள் கழிச்சு, காலை 7.12
கிடைச்சுதுங்க. ராத்திரி 10.10, ஃபங்க்‌ஷன் 16, லேப்ல இருக்கிற பழைய லேப்டாப் ஐபி. ட்ரையல் ரன் காலத்து ஸ்காடா ப்ராஜெக்ட் அதுல இருக்கு, ஷிஃப்ட் மாறி ஆள் வந்து ஆன் பண்ணினதும் தானா ஓடி 9.5 எழுதுது. கழட்டியாச்சு. ரவுட்டர்லயும் 502 திறந்துதான் இருந்துச்சு, ஸ்டேட்டிக் ஐபி சிம்தான். மூடிட்டோம். நன்றிங்க.

ஏணிலாஜிக், 7.30
ரெண்டாவது எம்பி_சர்வரை எடுத்தாச்சா? ரிமோட் அட்ரஸ் மாத்தினீங்களா?

பாக்கெட்பிடி, 7.34
ரவுட்டர் லாக்ல வெளி ஐபி எதுவும் 502-க்கு வந்திருக்கா? லேப்டாப் கிடைச்சதால அதை விட்டுடாதீங்க. பிஎல்சி-ல ஓடுற ப்ரோகிராமையும் உங்க மூலப் பிரதியையும் டிஐஏ போர்ட்டல்ல ஆன்லைன்–ஆஃப்லைன் ஒப்பிட்டுப் பார்த்துட்டு இங்க சொல்லுங்க.