பட்டாளக்காரர் வீட்டுவரி விலக்கு: எங்க அப்பாவுக்கு நடந்தது

கேரளத்துல பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கால எங்க ஊர். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். 2002இல், எல்லையில படையைக் குவிச்ச ஆபரேஷன் பராக்கிரம் சமயம், ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி வெடிச்சு இடது கால் முட்டிக்குக் கீழே போயிடுச்சு. புனே செயற்கைக் கால் மையத்துல கொடுத்த காலோடதான் இன்னைக்கும் தென்னைக்குத் தண்ணி பாய்ச்சறார்.

கேரளத்துல முன்னாள் படைவீரர் குடியிருக்கற சொந்த வீட்டுக்கு, நாங்க மனு கொடுத்தப்போ 2000 சதுர அடி வரைக்கும், பஞ்சாயத்து வரி இல்லை. அது தெரியாம வருசா வருசம் கட்டிட்டே இருந்தோம். பென்ஷன் விசயமா பாலக்காடு சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ் (முன்னாள் படைவீரர் நல அலுவலகம்) போனப்போ, அங்க வரிசையில இருந்த ஒரு சேட்டன்தான் சொன்னார்.

மறுவாரம் பஞ்சாயத்துக்குப் போனோம். ஆபீஸ் மாடியில. கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா அப்பா ஏறினார். மேல இருந்தவர் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிட்டு, "ஊனம் எத்தனை சதவீதம், சர்டிபிகேட் எங்க?"ன்னார். அப்பா ஒண்ணும் பேசாம வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினார். நின்னுட்டிருந்த அத்தனை பேரும் பார்த்தாங்க.

எனக்கு அது இன்னும் ஆறலை. இந்த விலக்குக்கு ஊனம் ஒரு நிபந்தனையே இல்லைங்க. ரெண்டு காலோட ஊர் திரும்பினவருக்கும் இதே விலக்குதான். "கேட்டா காட்டறதுதான் சாமி, மெடிக்கல் போர்டுல காட்டாததா"ன்னு வர்ற வழியில அப்பா சொன்னார். அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் பேசலை.

ரெண்டாம் தடவை நான் மட்டும் போனேன். படைவீரர் அடையாள அட்டை, வரி ரசீது, சத்தியவாக்குமூலம் மூணும் கொண்டு போனேன். மனுவைத் தமிழ்லயே எழுதினேன். 1969ஆம் வருசக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் இருக்கற எங்க தாலுக்காவுல அதுக்கு உரிமை இருக்கு. வாங்கிட்டாங்க. அந்த வருசத்திலிருந்து வரி இல்லை. கட்டின பழைய பணம் வரலை. வாக்குமூலத்தை எங்க பஞ்சாயத்துல ஒவ்வொரு நிதியாண்டும் புதுசாக் கேக்கறாங்க, அதனால மார்ச்சுக்கு முன்னாடியே கொடுத்துடறேன்.

*

வேலந்தாவளம் பக்கமிருந்து எழுதறேன். எங்க வீட்டுக்காரரும் பட்டாளத்துல இருந்தவர்தான், அவர் தவறி நாலு வருசம் ஆச்சு. "அவரே இல்லையே, இனி வரி கட்டணும்"னு ஊர்ல சொன்னதை நம்பி ரெண்டு வருசம் கட்டினேன். விதவைக்கும் இந்த விலக்கு உண்டு. தங்கச்சிகளா, யார் சொன்னாலும் கட்டிடாதீங்க, முதல்ல கேளுங்க.

*

அப்பாவைப் பத்தி எழுதின அண்ணா, ஒண்ணு சேர்த்துக்கறேன். வீடு கட்டி முடிச்சதும் வில்லேஜ் ஆபீஸ் மூலமா ஒரு தடவை கட்டற கட்டட வரி வேற. அது 1975ஆம் வருசச் சட்டப்படி ரெவின்யூ துறை வாங்கறது. நாம பேசறது பஞ்சாயத்துக்கு வருசா வருசம் கட்டறது. பட்டாளத்துல இருந்த எங்க மாமா இது தெரியாம தாசில்தார் ஆபீசுக்கு மூணு தடவை அலைஞ்சார். அவருக்கும் முதுகுல குண்டுக் காயம், பஸ்ஸுல ரொம்ப நேரம் உக்கார முடியாது. உங்க மனுவோட நகல் கிடைக்குமா? இந்தத் தடவை அவருக்கு நான் போறேன்.