கவிதாலயாவை வளர்த்தது யார்?

பழைய ரீல்:
இயக்குநர் கே.பி. (கே.பாலசந்தர்) ஆரம்பித்த படக் கம்பெனி கவிதாலயா. பக்கத்து இழையில் ஒருவர், "கவிதாலயா என்பதே ரஜினி போட்ட சோறு. தில்லு முல்லுவில் ஆரம்பித்து முத்து வரை அவர் கால்ஷீட் கொடுக்காவிட்டால் கம்பெனியே கிடையாது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு கைதட்டல் வேறு. ஐயா, தில்லு முல்லு கவிதாலயா படமே இல்லை. கலாகேந்திரா என்ற வேறு கம்பெனியின் படம். கவிதாலயாவின் முதல் படம் நெற்றிக்கண். இரண்டும் 1981தான், அது மே மாதம், இது ஆகஸ்ட்.

தலைவர் வெறியன்:
எழுதியது நான்தான். கே.பி. படம், ரஜினி ஹீரோ. பேனர் பார்த்தா ஜனங்கள் டிக்கெட் எடுத்தார்கள்? தில்லு முல்லு கவிதாலயா படம்தான்.

பழைய ரீல்:
தயாரிப்பாளர்கள் என்று டைட்டிலில் வரும் பெயர்கள் கோவிந்தராஜன், துரைசாமி. அபூர்வ ராகங்கள் எடுத்த அதே கலாகேந்திரா. அதே வருஷம் வந்த தண்ணீர் தண்ணீரும் அவர்களுடையதுதான். கவிதாலயா படம் என்றால் வள்ளுவர் சிலை வரும், "அகர முதல" ஒலிக்கும். தில்லு முல்லுவில் எங்கே சார் வள்ளுவர்?

தலைவர் வெறியன்:
டிவியில் போடும்போது வெட்டியிருப்பான்.

மயிலை மாலி:
நடுவில் ஒரு சந்தேகம். கவிதாலயாவைச் சுயாதீன நிறுவனம் என்கிறோம். சொந்த ஸ்டூடியோ இல்லை என்பதாலா, இயக்குநரே முதலாளி என்பதாலா? ஏவி.எம்.மிலிருந்து எதில் வேறுபடுகிறது? அதை முதலில் பேசிக்கொண்டால்...

தலைவர் வெறியன்:
அதெல்லாம் அப்புறம். தில்லு முல்லுவுக்கு வாங்க.

பழைய ரீல்:
சரி, வருகிறேன். கவிதாலயாவில் ரஜினி ஹீரோவாக நடித்தவை: நெற்றிக்கண், புதுக்கவிதை, நான் மகான் அல்ல, ஸ்ரீ ராகவேந்திரர், வேலைக்காரன், சிவா, அண்ணாமலை, முத்து. இதில் கே.பி. இயக்கியது எது? ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் எஸ்.பி.முத்துராமன். மற்றவை அமீர்ஜான், சுரேஷ் கிருஷ்ணா, கே.எஸ்.ரவிக்குமார். அறிமுகப்படுத்திய குருவே தன் சொந்த பேனரில் சிஷ்யனை வைத்து ஒரு படம்கூட இயக்கவில்லை. தில்லு முல்லுவைக் கவிதாலயா கணக்கில் சேர்த்தால் இந்தச் சரித்திரமே தலைகீழாகிவிடும். அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

நிழல்:
அக்னி சாட்சி? கே.பி. இயக்கியதுதானே, ரஜினி வருவாரே.

பழைய ரீல்:
ரஜினியாகவே வந்து தலைகாட்டிவிட்டுப் போவார். "ஹீரோவாக" என்று எழுதியிருக்கிறேன். படிக்கும் பழக்கம் இருந்தால் நல்லது.

நிழல்:
இளையராஜா இழையிலும் இதே திமிர்தான் காட்டினீர்கள். அங்கே வாங்கியது மறந்துவிட்டதா?

தலைவர் வெறியன்:
ஆக, எட்டுப் படம் ரஜினி என்று அவரே ஒத்துக்கொண்டார். ரஜினி படத்தில் சம்பாதித்து கே.பி. ஆசைக்குப் படம் எடுத்தார். சிந்து பைரவி வந்தது அந்தக் காசில்தான். 1992இல் அண்ணாமலை ஓடிய பணத்தில்தான் ரோஜாவே எடுத்தார்கள்.

பழைய ரீல்:
அண்ணாமலை ரிலீஸ் ஜூன் கடைசி. ரோஜா ஆகஸ்ட் 15. அந்த இடைவெளியில் கதை எழுதி, புதுப் பையன் ரஹ்மானைப் பிடித்து, பாட்டு போட்டு, மலைப்பிரதேசம் போய் ஷூட்டிங் முடித்து, பிரின்ட் போட்டார்களா? மணிரத்னம் என்ன மந்திரவாதியா? ரோஜாவில் ரஜினியும் இல்லை, பெரிய ஸ்டாரும் இல்லை. ரஹ்மானுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது. சிந்து பைரவிக்கும் அப்படித்தான்: சுஹாசினி, இளையராஜா, சித்ரா மூன்று பேருக்கும். இதெல்லாம் சோறு போட்டதால் வந்ததா?

தலைவர் வெறியன்:
விருதை வைத்து வட்டி கட்ட முடியாது. ஜப்பான்காரன் 1998இல் முத்துவைப் பார்த்தான், சிந்து பைரவியை இல்லை.

சீரியல் ரசிகை:
சண்டை முடிந்ததா? கவிதாலயா என்றால் எனக்கு மர்மதேசம் டிவி சீரியல்தான். அதில் விடாது கருப்பு பகுதி பார்த்துவிட்டு ராத்திரி கொல்லைப்புறம் போகவே பயப்படுவோம்.

பழைய ரீல்:
மர்மதேசம் மின்பிம்பங்கள் தயாரிப்பு. கே.பி.யின் மகன் கைலாசம் நடத்தியது. நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை.

சீரியல் ரசிகை:
அப்பா கம்பெனி, மகன் கம்பெனி. ரொம்பத்தான் பிரிக்கிறீர்கள்! ரசித்துப் பார்த்ததைச் சொன்னால் வாத்தியார் மாதிரி திருத்த வருகிறார்.

தலைவர் வெறியன்:
அவருக்கு வேறு வேலை இல்லை, அக்கா. அண்ணாமலையை முதலில் வசந்த்தான் இயக்குவதாக இருந்தது, அவர் விலகியதும் சுரேஷ் கிருஷ்ணா கடைசி நேரத்தில் வந்து ஹிட் கொடுத்தார். ஏன் தெரியுமா? ரஜினி இருந்ததால். யார் இயக்கினாலும் ஓடும்.

பழைய ரீல்:
அந்த சுரேஷ் கிருஷ்ணா கே.பி.யிடம் உதவி இயக்குநராக இருந்தவர். வசந்தும் அப்படித்தான். ஆளை உருவாக்கியது யார்?

நிழல்:
ரஜினி பட டைட்டிலில் நீலப் புள்ளிகள் ஓடி வந்து "சூப்பர் ஸ்டார்" என்று ஒவ்வொரு எழுத்தாக விழுமே, அது முதலில் வந்தது பாட்ஷாவில். அதற்கும் கவிதாலயாவுக்கும் சம்பந்தமே இல்லை.

பழைய ரீல்:
அண்ணாமலையில். தேவா இசையோடு. நீங்களுமா?

தலைவர் வெறியன்:
பாட்ஷாவேதான்னு வைத்துக்கொள்ளுங்கள் நிழல், இவர் சொன்னால் எதிர்த்துத்தான் சொல்வேன்.