வேளச்சேரி வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போவதா, சென்னையிலேயே இருப்பதா?

கேள்வி: ஏரிக்கரைத்தெருவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது வேளச்சேரியில். அப்பா 1994இல் மனை வாங்கிக் கட்டிய தனி வீட்டில்தான் அம்மா, மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் ஆகியோருடன் இன்றும் குடியிருக்கிறேன். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்தில் இடுப்பளவு நீர் நின்றது. இரண்டுக்கும் நடுவே 2019 கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்த அந்த ஆண்டில், இதே தெருவில் லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

எங்கள் பக்கத்தில் வெள்ளம் முதலில் வாசல் வழியாக வருவதில்லை. குளியலறையில் நீர் போகும் துளையிலிருந்து குமிழியிட்டுக்கொண்டு கறுப்பு நீர் மேலே ஏறும். அதைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பத்திரப் பையையும் அரிசி மூட்டையையும் மாடிக்கு ஏற்றியாக வேண்டும். அம்மாவுக்கு வயது 74, இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. சென்ற முறை மாடியில் குடியிருப்பவரும் நானும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் படியில் தூக்கிச் சென்றோம். ஐப்பசி பிறந்துவிட்டால் வானிலை அறிக்கை பார்ப்பதும், எச்சரிக்கை வந்தவுடன் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் இப்போது தெருவுக்கே வழக்கமாகிவிட்டது.

மனைவியின் ஊர் திருச்சி, மாமனார் வீடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. நான் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பதால் பெரும்பாலும் வீட்டிலிருந்தே பணியாற்ற முடியும். மனைவி செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை என்பதால், பொது மாறுதல் கலந்தாய்வில் திருச்சி மாவட்டத்தில் இடம் கிடைத்தால்தான் உண்டு. மும்பையில் இருக்கும் அக்கா, வீட்டை விற்றுவிடு என்கிறார். தண்டீசுவரர் கோயில் பிரதோஷத்தை விட்டுவிட்டு எங்கும் வருவதற்கில்லை என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். மாமனார் ஊரில் போய்க் குடியேறுவதா என்று சித்தப்பா ஒருவர் கேட்டதை நான் பொருட்படுத்தவில்லை, ஆனால் அம்மா பொருட்படுத்துகிறார்.

அப்பா உயில் எழுதாமல் காலமானார், பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்? இதுபோல் சொந்த ஊரைவிட்டுப் போனவர்களும், போக நினைத்துப் போகாமல் இருப்பவர்களும் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: காவிரிக்கரை

நான் அம்பத்தூரில் வளர்ந்து, திருமணத்திற்குப் பிறகு திருச்சியில் குடியேறியவன். போனதற்காக வருந்தவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கும் அரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்பது அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு பெரிய விடுதலை என்பது இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வந்தே பாரத் ரயிலில் ஏறினால் நான்கு மணி நேரம் சொச்சத்தில் எழும்பூர் வந்துவிடலாம் என்பதால், அலுவலகம் அழைக்கும் நாள்களைச் சமாளிப்பதும் கடினமன்று. பேருந்து என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்கி அங்கிருந்து நகருக்குள் வருவதற்கே பொறுமை வேண்டும், அது வேறு கதை.

ஆனால் வெள்ளத்திற்குப் பயந்து திருச்சி வருவதாக இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 2005 மழையில் கோரையாறும் குடமுருட்டியும் கரை மீறி, கருமண்டபம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ஸ்ரீரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே கிடக்கும் தீவு. 2018 ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் வந்தபோது முக்கொம்பு மேலணையின் மதகுகளே உடைந்தன. வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் பிற்பகலில் வரும் கடற்காற்று இங்கே கிடையாது. சித்திரையில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும்.

ஆகவே எதையும் விற்காமல், வாடகைக்கு வீடு பிடித்து ஒரு கோடை முழுவதும் இருந்து பாருங்கள். மாமனார் வீட்டுக்கு அடுத்த தெருவில் பிடிக்காதீர்கள். தில்லைநகர், கே.கே. நகர் போன்ற இடங்களில் பாருங்கள். சித்தப்பாவுக்குப் பதில் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டாரின் நிழலில் இருப்பதாக உங்கள் அம்மாவுக்குத் தோன்றிவிட்டால், அதன்பின் திருச்சியில் எதுவும் அவருக்குப் பிடிக்காது.

பதில் 2: தளமட்டம்

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் ஊரைப் பற்றிக் கேட்கிறீர்கள், உங்கள் தொல்லை நிலமட்டத்தில் இருக்கிறது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். முன்பு பல ஆயிரம் ஏக்கரில் பரந்து கிடந்த அந்தச் சதுப்பு நிலம் குப்பைக் கிடங்காகவும் சாலைகளாகவும் கட்டடங்களாகவும் சுருங்கியபின், 2022இல்தான் எஞ்சிய பகுதி, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வேளச்சேரி ஏரியும் சுருங்கிவிட்டது. கடல் மட்டம் ஏறியிருக்கும் புயல் நாளில் முகத்துவாரம் நீரை வாங்காது. அப்போது மழைநீர் வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் நீர் போக இடமில்லாமல் நிற்கும், பிறகு பின்னோக்கி ஏறும். உங்கள் குளியலறையில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இதில் தனி வீட்டுக்காரர் செய்யக்கூடியவை சில உண்டு. கழிவுநீர் இணைப்பில் நீர் திரும்பி வராதபடி தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தலாம். மின் மீட்டர் பலகையைத் தலைக்கு மேல் ஏற்றலாம். கீழ்நிலைத் தொட்டியின் வாயை உயர்த்திக் கட்டலாம். இவை சேதத்தைக் குறைக்குமே தவிர, இடுப்பளவு நீரைத் தடுக்கா. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கு முன் அஸ்திவாரத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுச் சாலையை உயர்த்தும் பழக்கம் தொடரும்வரை, இன்று மூன்றடி தூக்கிய வீடு இன்னும் பதினைந்து ஆண்டுகளில் மறுபடியும் பள்ளத்தில் இருக்கும்.

மனையைக் கட்டுமான நிறுவனத்திடம் கூட்டு ஒப்பந்தத்தில் கொடுத்து, கீழே வாகன நிறுத்தம் மட்டும் வைத்து மேலே அடுக்ககமாகக் கட்டுவதுதான் உங்கள் பகுதியில் பலரும் எடுக்கும் முடிவு. உங்கள் பங்குக்கு இரண்டு வீடுகள் கிடைத்தாலும், மின்சாரம் நின்று மின்தூக்கி ஓடாத நாள்களில் முழங்கால் தேய்ந்த ஒருவர் இரண்டாம் மாடியில் அடைந்து கிடப்பார். பால், மருந்து எல்லாம் படகில் வர வேண்டும். சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கும் ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025இல் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் மனை அந்த எல்லைக்குள் வருகிறதா, உத்தரவின் இன்றைய நிலை என்ன என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே எவரிடமும் முன்பணம் வாங்குங்கள்.

நானாக இருந்தால் சென்னைக்குள்ளேயே மேட்டைத் தேடுவேன். பரங்கிமலையை ஒட்டிய பகுதிகள் உயரமானவை. அங்கும் தெருவுக்குத் தெரு வேறுபடும். நங்கநல்லூர் மேடு என்பார்கள், மழை பெய்தால் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையை மூடிவிடுவார்கள். எனவே கார்த்திகையில் நல்ல மழை கொட்டிய மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், தரகர் அழைக்கும் நாளில் போகாதீர்கள்.

பதில் 3: மடிப்பாக்கம் அம்மாள்

தம்பி, உங்கள் அம்மாவின் வயதுதான் எனக்கும். என் மகன் என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போனான். நல்ல காற்று, சிறுவாணித் தண்ணீர், மருமகளும் தங்கமானவள், ஒரு குறையும் சொல்ல முடியாது. இருந்தும் நான் திரும்பி வந்துவிட்டேன்.

கோயிலை விட்டு வரமாட்டேன் என்று உங்கள் அம்மா சொன்னால், கோயிலைப் பற்றி மட்டும் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். ஸ்ரீரங்கத்தில் இல்லாத கோயிலா? சீட்டைக் காட்டாமலே என் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் மருந்துக் கடைப் பையன் மடிப்பாக்கத்தில் இருக்கிறான். காலையில் கோலம் போடவில்லையென்றால், பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று கதவைத் தட்டும் கீரைக்காரி இருக்கிறாள். கோயம்புத்தூரில் என்னை யாருக்கும் தெரியாது, மகனின் அம்மா என்று மட்டும் தெரியும். மகனும் மருமகளும் வேலையில் இருக்கும் பகல் பொழுதை யாரோடு கழிப்பது என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் கேள்வி. அதைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொன்னால் குறை சொல்வதாக ஆகிவிடும் என்று சாமியை இழுக்கிறோம்.

ஒரு வழி சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்கள் மட்டும் அம்மாவைத் திருச்சியில் வைத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி பார்க்க வருகிறாயா என்று கேளுங்கள், குடிபெயர்கிறோம் என்று சொல்லாதீர்கள். தை பிறந்ததும் திரும்பட்டும். இரண்டு மழைக்காலம் இப்படிப் போனால், எந்த ஊரில் இருக்க விரும்புகிறார் என்று அவரே வாய் திறப்பார். அதுவரை நீங்களும் உங்கள் அக்காவும் அவர் சார்பில் எதையும் தீர்மானிக்காமல் இருந்தால் நல்லது.

பதில் 4: கச்சேரித் தெரு

போவதும் இருப்பதும் உங்கள் விருப்பம். பட்டாவை மட்டும் இனியும் தள்ளிப்போடாதீர்கள். அப்பா உயில் எழுதாததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் ஆகிய மூவருக்கும் அந்த வீட்டில் சமப்பங்கு உண்டு. விற்பதானாலும், கூட்டு ஒப்பந்தம் போடுவதானாலும் மூவரும் கையொப்பமிட வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றி, வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள். அந்த உறையைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்கா தம் பங்கை விட்டுத்தர முன்வந்தால் விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதியலாம். அதற்கான செலவு கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு.

வரியைப் பொறுத்தவரை, 2001க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், அப்பா கொடுத்த விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த சந்தை மதிப்பை, அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், அடக்க விலையாகக் காட்டலாம். லாபத்தின்மீது பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி உயர்வுக்கேற்ப அடக்க விலையை உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 விழுக்காடு, அல்லது சரிக்கட்டலோடு 20 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். மூவரும் தத்தம் பங்குக்குத் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும். லாபத் தொகையில் இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு வரிவிலக்கு உண்டு. திருச்சியில் வாங்கும்போது முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக்கட்டணம் 2 விழுக்காடும் போகும். பிடிக்கவில்லை என்று மறுபடி சென்னைக்கு வந்து வாங்கினால் அதே 9 விழுக்காட்டை இன்னொரு முறை கட்ட வேண்டியிருக்கும்.

கேட்டவரின் மறுமொழி: ஏரிக்கரைத்தெருவாசி

அனைவருக்கும் நன்றி. வால்வு பற்றியும் 2001 மதிப்பு பற்றியும் எனக்குத் தெரியாது. மடிப்பாக்கம் அம்மாள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வைகுண்ட ஏகாதசி என்றதும், சொர்க்கவாசல் கூட்டத்தில் என்னால் நிற்க முடியுமா என்று கேட்டார். மறுப்புச் சொல்லவில்லை. மூன்று மாத ஏற்பாட்டை இந்த ஆண்டு செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. மகனுக்குப் பத்தாம் வகுப்பு முடியும்வரை பள்ளியை மாற்றுவதாக இல்லை.

பதில் 5: காவிரிக்கரை

அம்மாளின் யோசனை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அம்மாவைக் காப்பாற்றுமே ஒழிய வீட்டைக் காப்பாற்றாது. அந்த மூன்று மாதமும் நீங்களும் மகனும் வேளச்சேரியில்தான் இருக்கப்போகிறீர்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்பு என்பீர்கள், பிறகு கல்லூரி என்பீர்கள். எங்கள் அம்பத்தூர்த் தெருவில் இப்படித் தள்ளிப்போட்டவர்கள் பலர் உண்டு.

ஆகவே வரும் கலந்தாய்வில் உங்கள் மனைவி திருச்சி மாவட்டத்திற்கு விண்ணப்பிக்கட்டும். பணிமூப்பு வரிசையில் எங்கே நிற்கிறார், அந்தப் பாடத்திற்குக் காலியிடம் எத்தனை என்பது அங்கேயே தெரிந்துவிடும். இடம் கிடைக்காது என்று தெரிந்தால் திருச்சிப் பேச்சை விட்டுவிட்டு, தளமட்டம் அவர்கள் சொன்னபடி பரங்கிமலைப் பக்கம் முதல் மாடியில், படி ஏறுவதற்கு எளிதான வீடாகப் பாருங்கள். அங்கிருந்தும் தண்டீசுவரர் கோயிலுக்கு ஆட்டோவில் வந்துவிடலாம்.