பேராசிரியர் கட்டுரை கோர்ட்டுப் படி ஏறுமா?

செக்காலை வக்கீல்: வளவு வீட்டுல, அதாவது நம்ம பரம்பரை வீட்டுல, பொம்பளப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டுன்னு ஒரு சட்டக் கல்லூரிப் பேராசிரியர் பத்திரிகையில எழுதினதை ஆளாளுக்குப் பகிர்றீங்க. வாழ்நாள்ல ஒரு வக்காலத்து போடாத ஆளு! இவங்க கட்டுரையால ஒரே ஒரு தீர்ப்பு மாறியிருக்கா?

இரண்டாம் கட்டு: அண்ணே, முழுநேர வாத்தியார் வக்காலத்து போட பார் கவுன்சில் விதியே விடாது. வக்கீல்தான் நாளுக்கு 3 மணி நேரம் வரை பாடம் நடத்தலாம். தீர்ப்புதானே வேணும்? கேசவானந்த பாரதி வழக்கு, 1973. அரசியல் சாசனத்தோட அடிப்படைக் கட்டமைப்புல நாடாளுமன்றம் கைவைக்க முடியாதுன்னு 13 நீதிபதிகள்ல 7 பேர் சொன்னாங்க. அதுக்கு முன்னாடியே, 1965-ல, ஜெர்மன் பேராசிரியர் டீட்டர் கான்ராட் காசி இந்துப் பல்கலைக்கழகத்துல இதைப் பேசிட்டார்.

செக்காலை வக்கீல்: "பேசிட்டார்." நீங்களே சொல்லியாச்சு. நான் கேட்டது கட்டுரை. அதை 1967-ல கோலக்நாத் வழக்குல கோர்ட்டுக்குள்ள கொண்டுபோனது எம்.கே. நம்பியார். அவர் வாத்தியாரா, வக்கீலா?

இரண்டாம் கட்டு: கேசவானந்த பாரதியில நீதிபதி கன்னா மேற்கோள் காட்டினது அச்சான கட்டுரையை. 1966-67 இந்திய சர்வதேச விவகார ஆண்டு நூல்ல வந்தது. வெளியானது சென்னையில, ஜெர்மனியோட ஹைடல்பெர்க்ல இல்ல.

செக்காலை வக்கீல்: பேச்சை அச்சடிச்சா கட்டுரையா? பேச்சு பேச்சுதான்.

பள்ளத்தூரான்: அப்ப மதுராங்கிற பொண்ணோட வழக்கு? போலீஸ் ஸ்டேஷன்ல பலாத்காரம், 1978-ல உச்ச நீதிமன்றம் போலீஸ்காரங்களை விடுவிச்சது. மறு வருஷம் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார்னு நாலு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினாங்க. 1983-ல சாட்சியச் சட்டத்துல 114ஏ வந்துச்சு: காவல்ல உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதமில்லைன்னு அந்தப் பெண் சாட்சி சொன்னா, கோர்ட்டு அப்படியே அனுமானிக்கணும்.

செக்காலை வக்கீல்: அது கடிதம் தம்பி. கடிதம்! மாறினதும் சட்டம், தீர்ப்பு இல்ல. தெருவுல இறங்கினது பெண்கள் அமைப்புகள்.

இரண்டாம் கட்டு: உச்ச நீதிமன்றத்துக்குச் 'சிறந்த சட்ட அறிஞரை' நியமிக்கலாம்னு அரசியல் சாசனத்தோட 124(3) பிரிவு 1950-ல இருந்தே சொல்லுது. ஒருத்தரைக்கூடப் போடல. உங்க மாதிரி மனசுதான் அங்கேயும்.

செக்காலை வக்கீல்: ஆக உச்ச நீதிமன்றமே என் கட்சி. நன்றி.

ஆச்சி பேத்தி: கட்டுரை சொன்ன விஷயத்தை யாரும் தொடலையே? இந்து வாரிசுரிமைச் சட்டத்துல வந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், அந்த மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுக்குப் பங்கு தரல. 2005 மத்திய திருத்தத்துல கல்யாணத் தேதி கணக்கே இல்ல. 2005 செப்டம்பர் 9 அன்னைக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணும்னும் அவசியமில்ல, 2020 வினீதா சர்மா தீர்ப்பு. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி பதிவான பாகப்பிரிவினை, இல்லன்னா கோர்ட்டு டிக்ரி, அதுதான் கலையாம நிக்கும். முகப்பு உனக்கு, பின்கட்டு எனக்குன்னு வாய்வார்த்தையா பிரிச்சது லேசுல நிக்காது.

செக்காலை வக்கீல்: அதைச் சொன்னதும் நீதிபதிகள்தானேம்மா. கட்டுரையா சொல்லுச்சு?

பள்ளத்தூரான்: போன மாசம் உயிலைப் பதிவு பண்ணலன்னா செல்லாதுன்னு சாதிச்சவர்தானே நீங்க? ரெண்டு சாட்சி முறையா கையெழுத்துப் போட்டா போதும்னு சொன்னதுக்கு என்னைக் கத்துக்குட்டின்னீங்க.

செக்காலை வக்கீல்: உயிலை இங்க இழுக்காதீங்க. காசியில நடந்தது பேச்சா, கட்டுரையா? ஒரே வார்த்தை.

இரண்டாம் கட்டு: கன்னா தீர்ப்பைப் பிரிச்சுப் படிச்சுட்டு வாங்கண்ணே.

செக்காலை வக்கீல்: பேச்சு.