ஓவி2640 இனி வராது என்கிறார்கள், இஎஸ்பி32-கேமில் எதை மாட்டுவது?

நீர்மானி:
வணக்கம். தண்ணீர் மீட்டருக்கு மேலே ஒரு இஎஸ்பி32-கேமை (கேமராவோடு வரும் குட்டி வைஃபை பலகை) பொருத்தி, படத்திலிருந்து எண்களைப் படிக்கிற ப்ராஜெக்ட் செய்து வைத்திருக்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கேமராவின் ரிப்பன் மடிப்பில் விட்டுவிட்டது. அதிலிருந்த அதே ஓவி2640 கேமரா சென்சாரை வாங்கலாம் என்று தேடினால் உற்பத்தியே நின்றுவிட்டதாம். விற்பனைக்கு இருப்பதும் பழைய ஸ்டாக்கா, எங்கிருந்தாவது கழற்றியதா என்று தெரியவில்லை. அதே 24 பின் ரிப்பனில் ஓவி3660, ஓவி5640, ஜிசி2145 மூன்றும் இருக்கின்றன. 5 மெகாபிக்சல் என்பதால் ஓவி5640 எடுத்துவிடலாமா? எக்ஸ்போஷருக்காக ஓவி2640-இன் ரெஜிஸ்டர்களை (சென்சாருக்குள் அமைப்புகளை வைக்கும் இடங்கள்) நேரடியாகவே கோடில் எழுதியிருக்கிறேன், அது என்ன ஆகும்?

பழைய சால்டர்:
மெகாபிக்சலை விடுங்க. மீட்டர் எண் படிக்க 640×480 தாராளம். நீங்கள் பார்க்க வேண்டியது, சென்சாருக்குள்ளேயே ஜேபெக் இருக்கிறதா என்பதைத்தான். ஓவி2640 இவ்வளவு காலம் எல்லார் பலகையிலும் உட்கார்ந்திருந்ததற்குக் காரணமே அது. படத்தைத் தானே சுருக்கி, சில பத்து கிலோபைட்டாகக் கையில் கொடுத்துவிடும்.

ஜிசி2145-இல் அது கிடையாது. 1600×1200 படத்தை ஆர்ஜிபி565-ஆக, அதாவது சுருக்காமல் பிக்சலுக்கு இரண்டு பைட்டாக எடுத்தால் ஒரு ஃப்ரேமுக்கு 38,40,000 பைட். பலகையின் கூடுதல் நினைவகமான பிஎஸ்ரேம் 4 எம்பிதான், ஒரே படத்தில் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அதைச் சுருக்கும் வேலையும் இஎஸ்பி32 தலையில் விழும். சின்னப் படம் போதும், ஆர்ஜிபியாகவே பிக்சலைப் பார்க்கப் போகிறேன் என்றால் மட்டும் ஜிசி2145 வாங்கலாம்.

ஓவி3660, ஓவி5640 இரண்டிலும் ஜேபெக் உண்டு. ஆனால் ஓவி5640-க்கு கோர் மின்னழுத்தம் (சிப்பின் உள் சுற்றுக்கு வேண்டியது) 1.5 வோல்ட். உங்கள் பலகையில் கேமராவுக்காக இருக்கிற குட்டி ரெகுலேட்டர் ஓவி2640-ஐ நினைத்து 1.2 வோல்ட் கொடுக்கிறது. பின் எண்ணிக்கை ஒத்துப்போவதால் மின்சாரமும் ஒத்துப்போகும் என்று அர்த்தமில்லை, இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். போதாக்குறைக்கு ஓவி5640 நன்றாகச் சூடாகும். மூடிய பெட்டிக்குள் நாள் முழுக்க ஓடப் போகிற கேமராவுக்கு அது வேண்டாம்.

என் ஓட்டு ஓவி3660-க்கு. பலகை தயாரிக்கும் சீட் ஸ்டுடியோ நிறுவனமும் தங்கள் இஎஸ்பி32-எஸ்3 சென்ஸ் பலகையில் ஓவி2640-க்குப் பதிலாக இதைத்தான் வைத்தார்கள். எதை வாங்கினாலும் விற்பவர் தரும் பின் படத்தையும் மின்னழுத்தத்தையும் உங்கள் பலகையோடு ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள்.

ரெஜிஸ்டர் வரிகள் செல்லாது. ஓவி2640-இல் 8 பிட் முகவரி, அதிலும் இரண்டு பேங்க் (தனித்தனித் தொகுப்பு). ஓவி3660-இல் முகவரியே 16 பிட். அந்த வரிகளை மொத்தமாக எடுத்துவிட்டு, டிரைவர் தரும் பொதுவான எக்ஸ்போஷர், கெய்ன் ஃபங்க்ஷன்களையே கூப்பிடுங்கள். பழைய எண்ணைப் போட்டால் பழைய வெளிச்சம் வராது, புதிதாகப் பார்த்து வைக்க வேண்டும்.

கூர்முனை:
மேலே சொன்னது எல்லாம் சரி. லென்ஸை யாரும் சொல்லவில்லையே! ஓவி2640 கால் அங்குல சென்சார், ஓவி3660 அதைவிடச் சிறியது, 1/5 அங்குலம். லென்ஸும் வேறு. எனவே பார்வைக் கோணம் மாறும், எண்களுக்கு நீங்கள் போட்டு வைத்த கட்டங்கள் எல்லாம் தள்ளிப்போகும். மறுபடி குறிக்கத்தான் வேண்டும்.

புது மாட்யூல் தூரத்துக்கு ஃபோகஸ் செய்யப்பட்டு வரும், மீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. லென்ஸ் ஓரத்தில் பசைப் புள்ளி இருந்தால் பிளேடு நுனியால் மெதுவாகக் கீறி விடுங்கள். அடிப்பாகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு லென்ஸை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். லைவ் படத்தில் எண்ணின் ஓரம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். ரிப்பனைப் பிடித்துக்கொண்டு திருப்பாதீர்கள், அடுத்த ரிப்பனும் போய்விடும்.

பிக்சலும் சிறியது, 2.2 மைக்ரானிலிருந்து 1.4-க்கு வருகிறீர்கள். வெளிச்சம் கூடுதலாக வேண்டும். பலகையிலுள்ள எல்இடியை நேராக அடித்தால் மீட்டர் கண்ணாடியில் பளீரென்று தெறிக்கும், பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கு வையுங்கள்.

நீர்மானி:
ரொம்ப நன்றி. பின் படத்தையும் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓவி3660 மாட்டினேன். முதலில் "கேமரா ப்ரோப் தோல்வி", 105 என்று வந்தது. கனெக்டரின் கறுப்பு மூடியைத் திறந்து ரிப்பனை நேராக உள்ளே தள்ளி மூடியதும் சரியாகிவிட்டது. இப்போது படம் தலைகீழாக வருகிறது, நிறமும் கொஞ்சம் அடர்த்தி. மாட்யூலே கோளாறா?

பழைய சால்டர்:
கோளாறு இல்லை, ஓவி3660 அப்படித்தான் வரும். ஆர்டுயினோவின் கேமரா வெப் சர்வர் உதாரணத்தைத் திறந்து பாருங்கள். சென்சாரின் பிஐடி (அடையாள எண்) 3660 என்றால் செங்குத்துத் திருப்பம் ஆன், பிரைட்னஸ் 1, சாச்சுரேஷன் கழித்தல் 2 என்று ஒரு சின்ன இஃப் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷர், கெய்ன், கட்டங்களின் இடம் மூன்றையும் அதே இஃப்புக்குள் போட்டுவிட்டால், என்றாவது ஓவி2640 கிடைத்து மாட்டினாலும் ஃபர்ம்வேரைத் தொட வேண்டியதில்லை.

இன்னொன்று. பலகை ஸ்லீப்பிலிருந்து எழுந்தவுடன் எடுக்கும் முதல் படத்தை நம்பாதீர்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் நிலைக்கு வரக் கொஞ்சம் நேரமாகும். முதல் சில ஃப்ரேம்களை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வருவதைப் படிக்க அனுப்புங்கள்.