கனவுல வந்ததைக் கதையா எழுதலாமா?

குடமுருட்டி:
போன வாரம் விடிகாலையில ஒரு கனவு. கொள்ளிடத்துல கரை தெரியாத வெள்ளம். நடு ஆத்துல, தண்ணிக்கு மேல, எங்க தாத்தா கயித்துக் கட்டில்ல உக்காந்து வெத்தலை மடிக்கிறார். அவர் போய் ஒம்பது வருசமாச்சு. எழுந்த சூட்டோட நாலு பக்கம் எழுதி எங்க ஊர் வாசகர் வட்டத்துல படிச்சேன். ஒரு பெரியவர், "கனவு கண்டா பாட்டிகிட்ட போய்ப் பலன் கேளு, எங்ககிட்ட ஏன் படிக்கிறே?"ன்னுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. கனவை வெச்சு எழுதுறது அவ்வளவு மட்டமா?

வெண்ணாறு:
கோச்சுக்காதீங்க தம்பி, நான் பெரியவர் கட்சி. கனவுல எது வேணாலும் நடக்கலாம். அதனாலேயே எது நடந்தாலும் படிக்கிறவனுக்குப் பதைப்பு வராது. கட்டில் முங்குனா என்ன, மிதந்தா என்ன? பத்துப் பக்கம் இழுத்துட்டு "திடுக்கிட்டு விழித்தான்"னு முடிக்கிற கதை எத்தனை படிச்சாச்சு! பந்தியில உக்கார வெச்சுட்டு இலையை உருவுற வேலை அது.

அரசலாறு:
அண்ணே, பூம்புகார் நம்ம டெல்டாதானே? சிலப்பதிகாரத்துல கனவுக்குன்னே ஒரு காதை இருக்கு, கனாத்திறம் உரைத்த காதை. கண்ணகி தன் தோழி தேவந்திகிட்ட கனவைச் சொல்றா. ஒரு பெரிய ஊருக்குப் போனோம், எங்க மேல தேளைத் தூக்கிப் போட்ட மாதிரி பழி போட்டாங்க, கோவலனுக்குத் தீங்குன்னாங்க, அரசன் முன்னால நான் வழக்காடுனேன், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்துச்சுன்னு. மதுரையில நடக்கப்போறது முழுக்க புகார்லயே தெரிஞ்சுபோச்சு. பதைப்பு குறைஞ்சுதா?

வெண்ணாறு:
நல்ல ஆளைப் புடிச்சீங்க. அது இளங்கோ தூங்கிக் கண்டதா? கண்ணகிக்காக முழிச்சுக்கிட்டு உக்காந்து கட்டுன கனவு. அதோட, காதைக்கு உயிர் கனவுல இல்ல. தேவந்தி பரிகாரம் சொல்றா: காவிரி கடல்ல சேர்ற இடத்துல சோமகுண்டம், சூரியகுண்டம் முழுகி, காமவேள் கோட்டத்தை, அதாவது மன்மதன் கோயிலைக் கும்பிட்டா புருசனோட இன்பமா இருக்கலாம்னு. கண்ணகி ஒரே வார்த்தை: "பீடன்று." அது பெருமையில்லைன்னு உக்காந்துட்டா. கனவு கலைஞ்சப்புறம் அவ செஞ்சதுதான் இலக்கியம்.

அரசலாறு:
சரி, நிஜமாத் தூங்குனவரையே சொல்றேன். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவுல வளர்ந்த கணித மேதை ராமானுஜன். ரத்தம் ஓடுன மாதிரி சிவப்புத் திரை, அதுல ஒரு கை சூத்திரமா எழுதிக்கிட்டே போச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். நாமக்கல் நாமகிரித் தாயார் கொடுத்ததுன்னு நம்புனார். கணக்குக்கே ஆகும்போது கதைக்கு ஆகாதா?

வெண்ணாறு:
ராத்திரி பகலா சிலேட்டுல எழுதி முழங்கையால அழிச்ச மனுசனுக்கு அந்தக் கை வந்து எழுதுச்சு. நமக்கு வந்திருந்தா சிவப்புத் திரைன்னதும் திருநீறு பூசிக்கிட்டுத் திரும்பிப் படுத்திருப்போம்.

(இது எனக்கே சிரிப்பா வருது. ஆனா வாதம் வாதம்தான்.)

வெட்டாறு:
பம்புசெட்டுக்காரன் ஒரு அனுபவம் சொல்லவா? ராத்திரி மும்முனை கரண்ட் வந்தா மோட்டார் போட எந்திரிக்கணும். அப்படிப் பாதித் தூக்கத்துல எழுந்த நாள்ல கனவு முழுசா கையில நிக்கும். தூக்கம் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரச் சுத்தா வருது. ஒவ்வொரு சுத்துலயும் மூடுன இமைக்குள்ள கண் வேகமா ஓடுற ஒரு கட்டம் உண்டு, கனவு அதிகமா வர்றது அப்பதான். அதை 1953-ல ஆராய்ச்சிக்காரங்க எழுதுனாங்க. விடிய விடிய அது நீளும், நடுவுல முழிச்சா கனவு நல்லா ஞாபகத்துல இருக்கும். விடிகாலைக் கனவு பலிக்கும்னு நம்ம ஊர்ல சொல்றாங்களே, பலிக்குதோ இல்லையோ, மறக்காம நிக்கிறது அதுதான். செல்போனைத் தொட்டா அவ்வளவுதான், போச்சு. எங்க மோட்டார் கொட்டாய்ச் சுவத்துல கரிக்கட்டியால ரெண்டு வார்த்தை எழுதிடுவேன். இதுவரை ஒரு கதையும் ஆகல, அது வேற விசயம்.

கோரையாறு:
நாலரைக்கு எழுந்து வாசல் தெளிச்சு, பால் வாங்கி, புள்ளைக்குச் சோறு கட்டுறவளுக்கு எந்தச் சுவத்துல எழுத நேரம்? அது கெடக்கட்டும். குடமுருட்டி தம்பி, கனவு உசத்தியா மட்டமான்னு இவங்க அடிச்சுக்கட்டும். நான் ஒண்ணு கேக்குறேன். உங்க தாத்தா யாருக்கு வெத்தலை மடிக்கிறார்?

குடமுருட்டி:
அக்கா, நேத்து படிச்சுட்டுப் பதில் போட முடியல. தாத்தா வெத்தலையே போடமாட்டார். அப்பாயிதான் போடும். அதுக்குக் கை நடுக்கம் வந்தப்புறம் அவர்தான் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடிச்சு வாயில குடுப்பார். நான் எழுதுன நாலு பக்கத்துல அப்பாயி ஒரு வரிகூட இல்ல. அது இன்னும் ஊர்லதான் இருக்கு. இப்ப யார் மடிச்சுக் குடுக்குறாங்கன்னு எனக்குத் தெரியல.

வெண்ணாறு:
அதை எழுதுங்க தம்பி. வெள்ளத்தையும் கட்டிலையும் தூக்கிப் போட்டுடுங்க.

அரசலாறு:
வெள்ளம் வராம அந்த வெத்தலை வந்திருக்குமாண்ணே?

வெண்ணாறு:
வந்த வழியைக் கதையில காட்டணும்னு இல்லையே. நடவு முடிஞ்சா நாத்தங்கால் எதுக்கு?

குடமுருட்டி:
வெள்ளம் இருக்கும்ணே. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். வந்து எழுதிப் போடுறேன், அப்ப திட்டுங்க.